ஜார்ஜியோ மொரோடரின் இசைப் பயணத்தை வரிசையாகக் கேட்பது எப்படி

‘டாப் கன்’ படத்தின் காதல் பாட்டையோ ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ படத்தின் பாட்டையோ எங்கேனும் ஒருமுறை கேட்டவர்கள் நம்மிடையே ஏராளம். அவற்றுக்கு மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் தயங்காமல் பெயர் சொல்பவர்கள் மிகச் சிலரே. ஜார்ஜியோ மொரோடர் என்னும் அந்த இத்தாலியர், பாடகராகத் தொடங்கிப் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் தம்மை ஒதுக்கிக்கொண்டு, நடனக் கூடங்களின் இசையையும் ஹாலிவுட்டின் பின்னணி இசையையும் ஏறக்குறைய ஒரே கருவிகளைக் கொண்டு மாற்றியமைத்தவர். அவருடைய பாடல்களை ‘தலைசிறந்த இருபது’ போன்ற தொகுப்புகளில் கலந்துகட்டிக் கேட்டால் இனிமையான பழைய பாடல்கள் என்று மட்டுமே தோன்றும். காலவரிசையில், ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், ஒரு மனிதர் பதினைந்து ஆண்டுகளில் கண்டடைந்தது என்ன என்பது காதுக்கே விளங்கும்.

அந்தக் கேள்வி இதுதான்: இந்தப் பாட்டில் இயந்திரம் வாசிப்பது எது, மனிதர் வாசிப்பது எது, இருவரில் யார் யாரைத் தாங்கி நிற்கிறார்? இந்த வழிகாட்டி முழுவதும் இதையே திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறோம்.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் மொரோடரைக் கேட்காதீர்கள். அவருடைய சிந்தனை பெரும்பாலும் பேஸ் என்று நாம் சொல்லும் கீழ்ஸ்தாயி ஒலியில்தான் இருக்கிறது. அந்த ஒலிபெருக்கி அதைத்தான் முதலில் விழுங்கிவிடும். நான் இவருடைய பாடல்களைப் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டுவந்தேன். நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை மீண்டும் கேட்ட அன்றுதான், அதுவரை அந்தப் பாட்டின் பாதியைக்கூட நான் கேட்டிருக்கவில்லை என்பது புரிந்தது. விலையுயர்ந்த ஹெட்போன் வேண்டியதில்லை. இடது, வலது என இரண்டு காதுக்கும் ஒலி தனித்தனியாகப் பிரிந்து வர வேண்டும், அவ்வளவுதான். ஏனென்று பின்னால் தெரியும்.

அடுத்து, பதிப்பைச் சரிபாருங்கள். இணையத்தில் ஒரே பாட்டுக்கு வானொலிக்காகச் சுருக்கிய பதிப்பு, பிற்காலத்தில் மீண்டும் பாடிய பதிப்பு, பிறர் செய்த ரீமிக்ஸ் எனப் பல வடிவங்கள் ஒரே பெயரில் கிடைக்கின்றன. வெளியான ஆண்டையும் நேர அளவையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இவருடைய காலத்து டிஸ்கோ பாடல்கள் 12 அங்குல இசைத்தட்டுக்காக நீளமாக அமைக்கப்பட்டவை. மூன்றரை நிமிடச் சுருக்கம் அவற்றின் முன்னோட்டம் மட்டுமே.

மரச்சிற்பப் பள்ளத்தாக்கிலிருந்து மியூனிக் வரை

மொரோடர் 1940 ஏப்ரல் 26 அன்று வட இத்தாலியின் தென் டைரோல் பகுதியில், ஓர்த்திசேய் என்னும் மலையூரில் பிறந்தார். மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற அந்தப் பள்ளத்தாக்கில் இத்தாலியம், ஜெர்மன் ஆகியவற்றோடு லதீன் என்னும் சிறுபான்மை மொழியும் பேசப்படுகிறது. பல மொழிகளுக்கு நடுவே வளர்ந்த ஒருவர் ஜெர்மனியில் இருந்துகொண்டு ஆங்கிலப் பாட்டுகளை உருவாக்கி உலகுக்கு விற்றதில் வியப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பதின்ம வயதில் கிதார் கற்றுக்கொண்டு, விடுதிகளில் வாசிக்கும் குழுக்களோடு ஐரோப்பா முழுவதும் சில ஆண்டுகள் சுற்றிவிட்டு, முதலில் பெர்லினிலும் பின்னர் மியூனிக்கிலும் குடியேறினார்.

இந்தக் காலத்திலிருந்து இரண்டு பாடல்கள் போதும். 1969-இல் ‘ஜார்ஜியோ’ என்ற பெயரில் அவரே பாடி வெளியிட்ட ‘லுக்கி லுக்கி’ பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். சிறுவர்கள் கைதட்டிப் பாடுவதற்கேற்ற துள்ளல் பாட்டு அது. மற்றொன்றான ‘சன் ஆஃப் மை ஃபாதர்’ பாட்டிடம்தான் சற்று நிற்க வேண்டும். வெண்டி கார்லோஸ் மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் மோக் சிந்தசைசரில், பழம்பெரும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசித்து 1968-இல் வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டு வியந்துபோன மொரோடர், மியூனிக்கில் அந்தக் கருவியை வைத்திருந்த இசையமைப்பாளர் எபெர்ஹார்ட் ஷோனரைத் தேடிப் போனார். அந்தச் சந்திப்பின் தடம் இந்தப் பாட்டில் பதிந்திருக்கிறது. இதை மொரோடரும் பாடினார். சிக்கரி டிப் என்ற ஆங்கிலேயக் குழுவும் பாடி, 1972-இல் பிரிட்டன் தரவரிசையில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.

இரு பதிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டு நம் கேள்வியைப் போடுங்கள். டிரம்ஸ், கிதார், பாட்டு எல்லாம் மனிதர்கள். சிந்தசைசர் எங்கே இருக்கிறது? எல்லாவற்றுக்கும் மேலே, தாம்பூலத் தட்டில் வைத்த பூவைப் போல, கண்ணைப் பறிக்கும் ஒரு சிறு சுழற்சியாக இருக்கிறது. மனிதர்கள் கீழே நின்று தாங்க, இயந்திரம் மேலே அலங்காரமாக அமர்ந்திருக்கிறது. இந்த அமைப்பை மனத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே ஆண்டுகளில் இது தலைகீழாகப் போகிறது.

பதினேழு நிமிடப் பாட்டை எப்படிக் கேட்பது

1970-களின் தொடக்கத்தில் மொரோடர் மியூனிக்கின் அராபெல்லா உயர்மாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் மியூசிக்லேண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். லெட் செப்பலின், ரோலிங் ஸ்டோன்ஸ், குயின் போன்ற குழுக்களும் பின்னாளில் அங்கு வந்து பதிவு செய்தன என்பதிலிருந்து அதன் தரத்தை அறியலாம். அவரோடு சேர்ந்து பாட்டெழுதித் தயாரித்தவர் பீட் பெலோட் என்ற ஆங்கிலேயர். இவர்கள் இருவரிடமும் பின்னணிக் குரல் பாட வந்தவர் டோனா சம்மர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பிறந்து, ‘ஹேர்’ இசை நாடகத்தின் ஜெர்மன் வடிவத்தில் நடிப்பதற்காக 1968-இல் மியூனிக் வந்தவர் அவர்.

1975-இல் மூவரும் உருவாக்கிய ‘லவ் டு லவ் யூ பேபி’ பாட்டின் நீண்ட பதிப்பு ஏறக்குறைய 17 நிமிடம். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அதுவே நிரப்பியது. அமெரிக்காவின் கசாப்ளாங்கா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தை நடத்திவந்த நீல் போகார்ட், முதலில் வந்த குறும்பதிப்பைக் கேட்டுவிட்டு இதை நீட்டித் தாருங்கள் என்று கேட்டதன் விளைவு அது. பாட்டில் ஒலிக்கும் காமக் குரலைக் காரணம் காட்டி பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்தது. ஆயினும் அமெரிக்கத் தரவரிசையில் அது இரண்டாமிடம் வரை ஏறியது.

அந்தச் சர்ச்சையை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டுமானத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியும் எந்த நிமிடத்தில் நுழைகிறது, எப்போது விலகுகிறது என்று குறித்துப் பாருங்கள். சீராக விழும் டிரம், கிதாரின் வெட்டு, வயலின்களின் எழுச்சி, பின் எல்லாம் அடங்கிப் பேஸ் மட்டும் தனித்து நிற்கும் இடம், மீண்டும் எழும் அலை என, வரவும் விலகலுமாகவே 17 நிமிடங்கள் கட்டப்பட்டிருப்பது தெரியும். சரணங்களைப் பெருக்கி நீட்டியிருந்தால் ஐந்தாம் நிமிடத்திலேயே அலுத்திருக்கும். இங்கு தாங்கி நிற்பது இன்னும் மனிதக் கைகள்தாம். ஆனால் இடைவிடாத ஓட்டம் ஒன்றின் மேல் ஒரு குரலை மிதக்கவிடலாம் என்ற கண்டுபிடிப்பு இங்கேயே நிகழ்ந்துவிட்டது.

‘ஐ ஃபீல் லவ்’: ஒரு வாரம் ஒதுக்கத் தகுந்த பாட்டு

1977-இல் வெளியான ‘ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே’ என்ற தொகுப்பு, பழைய காலங்களின் பாணிகளை வரிசையாகத் தொட்டுவிட்டு எதிர்காலத்தில் முடியவேண்டும் என்ற திட்டத்தோடு உருவானது. எதிர்காலத்தின் பங்குக்கு வைக்கப்பட்ட கடைசிப் பாட்டே ‘ஐ ஃபீல் லவ்’. எதிர்காலம் என்றால் அதன் ஒலியை இயந்திரம்தான் எழுப்பவேண்டும் என்று மொரோடர் முடிவு செய்தார். ஷோனரின் அலமாரி அளவிலான மோக் சிந்தசைசர் கூடத்துக்கு வந்தது. அதை இயக்கத் தெரிந்த அவருடைய உதவியாளர் ராபி வெடலும் உடன் வந்தார்.

இந்தப் பாட்டைக் கேட்பதற்கு முன் அது உருவான முறையை அறிந்துகொள்வது அவசியம். அந்தக் காலத்து மோக் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே எழுப்பும். சிறிது நேரம் ஓடினாலே சூடேறிச் சுருதி விலகும். ஆகவே பேஸ் வரிசையைச் சிறுசிறு துண்டுகளாக, நிறுத்தி, சுருதி சேர்த்து, மீண்டும் ஓட்டிப் பதிவு செய்தார்கள். அப்படிப் பல அடுக்குகளாகப் பதிந்தவை ஒன்றோடொன்று தாளம் பிசகாமல் பொருந்தவேண்டுமே? அதற்கு வழி கண்டவர் ராபி வெடல். நாடாவின் ஒரு தடத்தில் சீரான மின்துடிப்பை முதலில் பதிந்துவிட்டால், அந்தத் துடிப்பே, சுரங்களை வரிசையாக ஒலிக்கச் செய்யும் சிந்தசைசரின் சீக்வென்சரை இயக்கும். எத்தனை முறை பதிந்தாலும் இம்மி பிசகாது. க்ளிக் என்று ஒலிப்பதிவுக்காரர்கள் சொல்லும் அந்தத் துடிப்பின் மேல்தான் முழுப் பாட்டும் எழுந்தது. பாட்டின் உறையில் பெரிய எழுத்தில் வராத பெயர் வெடலுடையது. நன்றியோடு நினைக்கவேண்டிய பெயர்.

இப்போது எட்டு நிமிடத்தைத் தாண்டும் 12 அங்குலப் பதிப்பை எடுங்கள். நாள் ஒன்றுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

முதல் நாள் பேஸ். சதுஸ்ர நடையில் தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. ஒரு தட்டுக்கு ‘தகதிமி’ என்று நான்கு மாத்திரை சொல்லிப் பாருங்கள். பேஸ் அந்த நான்கையும் இடைவெளியின்றி நிரப்பிக்கொண்டு ஓடுவது புலப்படும். அடுத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கிக் கேளுங்கள். பின்பு மறு பக்கத்தை விலக்குங்கள். ஒரு காதில் ‘த’வும் ‘தி’யும், மறு காதில் ‘க’வும் ‘மி’யும் கேட்கும். இயந்திரம் வாசித்தது பாதிச் சுரங்களை மட்டுமே. மீதிப் பாதி, அதே ஒலியைக் கணநேரம் தாமதித்துத் திருப்பித் தரும் எதிரொலிக் கருவியின் வேலை. அந்தக் குதிரையோட்டத்தின் இரகசியம் இந்த ஒற்றை நுட்பம்தான். இடது வலது பிரிந்து ஒலிக்கும் ஹெட்போன் வேண்டும் என்று தொடக்கத்தில் வலியுறுத்தியது இதற்காகவே.

இரண்டாம் நாள், அந்த வரிசை இடம்பெயர்வதைக் கவனியுங்கள். வழக்கமான பாட்டில் கார்டுகள் எனப்படும் சுரக்கூட்டங்கள் மாற மாற மெட்டு நகரும். இங்கே ஒரே சுர அச்சு, அதன் வடிவம் மாறாமல், வேறொரு சுரத்துக்குத் தூக்கி வைக்கப்படுகிறது. சிறிது நேரம் கழித்து மீண்டும் தொடங்கிய இடத்துக்கு இறங்குகிறது. தம்புராவின் சுருதி திடீரென ஒரு படி ஏறியதைப் போன்ற அந்த உணர்வுதான், கேட்பவரை முன்னே தள்ளுகிறது.

மூன்றாம் நாள் டிரம். மூடிய ஜால்ராவைப் போல மேலே கிசுகிசுக்கும் ஒலி, சிந்தசைசரின் இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தது. ஆனால் நெஞ்சில் விழும் கிக் டிரம்மின் ஒலியை அந்த மோக் போதிய கனத்தோடு தரவில்லை. எனவே கீத் ஃபோர்சி என்ற டிரம் கலைஞரை அமரவைத்து, க்ளிக்கைக் கேட்டபடி அந்த ஒரே அடியைக் காலால் மிதித்துக்கொண்டே இருக்கச் செய்தார்கள். எதிர்காலத்தின் இயந்திர இசை என்று உலகம் கொண்டாடிய பாட்டின் நாடித்துடிப்பு ஒரு மனிதரின் கால். இதைத் தெரிந்துகொண்ட பின் கேட்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நான்காம் நாள் டோனா சம்மரின் குரல். சொற்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தலைக்குரலில் நீட்டி, காற்றில் கரையவிடுகிறார். பேஸ் நுண்ணிய துகள்களாகச் சிதறி ஓட, குரல் நீண்ட கார்வைகளாக நிற்கிறது. இப்போது 1972-இன் பாட்டை நினைத்துப் பாருங்கள். அன்று மனிதர் கீழே, இயந்திரம் மேலே. இன்று இயந்திரம் கீழே தாங்குகிறது, மனிதக் குரல் மேலே பறக்கிறது. சிந்தசைசரை முதலில் பயன்படுத்தியவர் மொரோடர் அல்லர். அதைக் கீழே இறக்கித் தளமாக்கி, அந்தக் குளிர்ந்த தளத்தின் மேல் மிக வெப்பமான ஒரு குரலை நிறுத்தியதே அவருடைய சாதனை என்று நான் கருதுகிறேன்.

பாட்டு 1977 கோடையில் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்திலும் அமெரிக்காவில் ஆறாம் இடம் வரையிலும் இருந்தது. பெர்லினில் பதிவு செய்துகொண்டிருந்த ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவியிடம் அவரோடு பணியாற்றிய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ இந்தப் பாட்டை ஓடிவந்து போட்டுக் காட்டி, எதிர்காலத்தின் ஒலி இதுதான் என்றும் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு நடனக் கூடங்களின் இசையை இது மாற்றும் என்றும் கூறியதாகப் போவி பின்னாளில் நினைவுகூர்ந்தார். மூலத்தை நன்றாகப் பழகிய பின், பேட்ரிக் கவ்லி செய்த பதினைந்து நிமிடத்துக்கும் மேலான ரீமிக்ஸைக் கேட்கலாம். முதலில் அதைக் கேட்டுவிட்டால் மூலத்தின் கட்டுப்பாடும் சிக்கனமும் காதில் படாமல் போகும்.

திரைக்குப் போகும் முன்

அதே 1977-இல் மொரோடர் தம் பெயரில் வெளியிட்ட ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ தொகுப்பின் உறையில், இப்பதிவில் மின்னணு விசைக்கருவிகள் மட்டுமே பயன்பட்டுள்ளன என்ற அறிவிப்பு இருக்கும். அதன் முதல் பக்கத்தை இடைநிறுத்தாமல் ஒரே பாட்டாகக் கேளுங்கள். இங்கே பாட்டுக் குரலே வோகோடர் என்ற மின்னணுக் கருவி வழியாக இயந்திரக் குரலாக மாறுவதைக் கவனித்தால், மனிதரின் பங்கு எவ்வளவு சுருங்கலாம் என்று அவர் சோதித்துப் பார்ப்பது விளங்கும். நல்ல இசைதான், ஆயினும் சம்மரின் குரல் இல்லாத வெறுமையை நான் ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.

1979-இன் ‘ஹாட் ஸ்டஃப்’ பாட்டுக்கு வரும்போது உறையின் எழுத்துகளைப் படியுங்கள். பாட்டை எழுதியவர்கள் பெலோட், ஃபால்டர்மயர், ஃபோர்சி ஆகிய மூவர். மொரோடர் பெலோட்டுடன் சேர்ந்து தயாரித்தவர். மியூனிக்கில் அவரைச் சுற்றி ஒரு பட்டறையே உருவாகியிருந்தது என்பதற்கு இது சான்று. கிதாரின் முறுக்கேறிய ஒலி முன்னால் வந்து நிற்பதால், டிஸ்கோவும் ராக்கும் ஒன்றாகிவிட்ட பாட்டு இது.

படங்களைப் பார்க்கும் முறை

இயக்குநர் ஆலன் பார்க்கர், ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டின் துடிப்பைப் போன்ற ஒன்று தம் படத்துக்கு வேண்டும் என்று கேட்டதிலிருந்து மொரோடரின் திரை வாழ்க்கை தொடங்கியது. ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ 1978-இல் வெளியானது. அடுத்த ஆண்டு சிறந்த பின்னணி இசைக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது. சிந்தசைசரை மையமாகக் கொண்ட பின்னணி இசைக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதன்முறை. ‘சேஸ்’ என்ற பகுதியை முதலில் படமின்றி எட்டு நிமிடமும் கேளுங்கள்; அது நடனக் கூடத்தில் போடத்தக்க இசை. பின்பு படத்தில் வரும் துரத்தல் காட்சியோடு பாருங்கள். அதே ஓட்டம் அச்சமாக மாறியிருக்கும். நடனத்துக்கு உடலை அசைக்கும் அதே சீரான துடிப்பு, தப்பியோடும் ஒருவனின் நெஞ்சில் வைக்கப்பட்டால் விடாமல் துரத்தும் அதிகாரமாகிவிடுகிறது. ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தால், ஓடுபவரின் வேகத்தில் எவ்வளவு பங்கு இசையால் வந்தது என்று கணக்கிட முடியும்.

1980-இன் ‘அமெரிக்கன் ஜிகலோ’ படத்துக்காக மொரோடர் அமைத்த மெட்டுக்கு, பிளாண்டி குழுவின் டெபி ஹாரி சொற்களை எழுதிப் பாடிய ‘கால் மீ’, அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்து, அந்த ஆண்டின் முதன்மைப் பாட்டாகவும் பில்போர்டு பட்டியலில் இடம்பெற்றது. இதை விரைவாகக் கடந்து, அதே இயக்குநர் பால் ஷ்ரேடரின் 1982 படமான ‘கேட் பீப்பிள்’ பாட்டிடம் வாருங்கள். டேவிட் போவி பாடிய இந்தப் பாட்டுக்கு இரண்டு பதிவுகள் உண்டு. படத்துக்காக மொரோடர் தயாரித்தது ஒன்று; போவி தம் 1983 தொகுப்புக்காக வேறொரு குழுவோடு மீண்டும் பதிந்தது மற்றொன்று. இரண்டையும் ஒப்பிடுவதைப் போன்ற நல்ல பயிற்சி வேறில்லை. பிந்தையது முதல் நொடியிலேயே பாய்ந்துவிடுகிறது. மொரோடரின் பதிவோ தாழ்ந்த குரலையும் மெல்லிய துடிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு கேட்பவரைக் காத்திருக்க வைக்கிறது. அந்தக் காத்திருப்புக்குப் பின் குரல் வெடித்து எழும் கணம், என் கணிப்பில், அவருடைய திரைப்பாடல்கள் அனைத்திலும் மிகச் சிறந்த கணம்.

1983-இல் ‘ஸ்கார்ஃபேஸ்’, ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ இரண்டும் வந்தன. ஐரீன் காரா பாடிய ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ பாட்டுக்கு மொரோடரின் இரண்டாவது ஆஸ்கர் கிடைத்தது. காராவோடு சேர்ந்து சொற்களை எழுதி அந்த விருதைப் பகிர்ந்துகொண்டவர் வேறு யாருமல்லர், ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டுக்குக் காலால் துடிப்புக் கொடுத்த கீத் ஃபோர்சிதான். ‘தி நெவர் எண்டிங் ஸ்டோரி’ படத்தைத் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: ஜெர்மன் வடிவத்தில் கிளாஸ் டோல்டிங்கரின் இசை மட்டுமே உண்டு, லிமால் பாடிய மொரோடரின் பாட்டு உலக வெளியீட்டுக்கான வடிவத்தில்தான் சேர்க்கப்பட்டது.

‘டாப் கன்’ படத்தின் ‘டேக் மை பிரத் அவே’ பாட்டை இந்த வரிசையின் இறுதியில் கேளுங்கள். 1986-இல் வெளிவந்து அடுத்த ஆண்டு ஆஸ்கர் பெற்ற இப்பாட்டுக்குச் சொற்கள் எழுதிய டாம் விட்லாக், மொரோடரின் காரைப் பழுதுபார்த்துக் கொடுத்ததன் வழியாக அவருக்கு அறிமுகமானவர். பெர்லின் குழுவின் டெரி நன் பாடினார். பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு, நினைவிலிருந்து முணுமுணுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் முணுமுணுப்பது பாடகி பாடிய மெட்டை அன்று. கீழே மெதுவாக ஏறி இறங்கும் சிந்தசைசரின் பேஸ் வரிசையைத்தான். 1977-இல் ஓடிக்கொண்டே தாங்கிய இயந்திரம், இங்கே நடை தளர்ந்து, தானே பாடத் தொடங்கிவிட்டது.

‘மெட்ரோபொலிஸ்’ பற்றி ஒரு தனி எச்சரிக்கை

ஃபிரிட்ஸ் லாங் 1927-இல் எடுத்த மௌனப் படமான ‘மெட்ரோபொலிஸ்’, வெளியான பின் வெட்டிச் சிதைக்கப்பட்டது. சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, நிறச் சாயம் ஏற்றி, இடையில் வரும் எழுத்து அட்டைகள் பலவற்றை வசனவரிகளாக மாற்றி, ஃப்ரெடி மெர்குரி, பானி டைலர் முதலானோர் பாடிய பாடல்களோடு மொரோடர் 1984-இல் ஒரு வடிவத்தை வெளியிட்டார். ஏறக்குறைய 80 நிமிடம் ஓடும் இந்த வடிவத்தை முதலில் பார்க்கவேண்டாம். பியூனஸ் ஐரிஸ் நகரத்தில் 2008-இல் கண்டெடுத்த பகுதிகளைச் சேர்த்து 2010-இல் வெளியான இரண்டரை மணி நேர வடிவத்தை, காட்ஃபிரீட் ஹப்பர்ட்ஸ் அந்தக் காலத்தில் அமைத்த இசையோடு பார்த்துவிட்டு, அதன் பிறகு இதற்கு வாருங்கள். இயந்திரத்துக்கும் மனிதருக்கும் இடையிலான உறவே இந்தப் படத்தின் பொருள் என்பதால் மொரோடருக்கு இதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது. ஆனாலும் பாட்டின் சொற்கள் காட்சி சொல்வதையே திரும்பச் சொல்லி நெருக்குவதால் இந்த முயற்சி கைகூடவில்லை என்றே எண்ணுகிறேன். பாட்டற்ற இடங்களில், சிந்தசைசர் மட்டும் தொழிற்சாலைக் காட்சிகளோடு ஒலிக்கும்போது, கைகூடியிருக்கக்கூடியது எது என்பது தெரிகிறது. அந்தப் படத்தைப் புதிய தலைமுறையிடம் கொண்டுசேர்த்த உழைப்புக்காக அவரை மதிக்கிறேன்.

கடைசியாகக் கேட்கவேண்டியது

1984 லாஸ் ஏஞ்சலிஸ், 1988 சியோல் ஒலிம்பிக் போட்டிகளுக்கும் 1990 இத்தாலி உலகக் கோப்பைக் கால்பந்துக்கும் மொரோடர் அமைத்த பாடல்களை விருப்பமிருந்தால் கேட்கலாம். அரங்கம் நிறைந்த கூட்டம் சேர்ந்து பாடுவதற்கான பாடல்கள் அவை. 1990-களில் அவருடைய பெயர் அதிகம் அடிபடவில்லை. டோனா சம்மரோடு மீண்டும் இணைந்த ‘கேரி ஆன்’ பாட்டுக்கு 1998-இல் சிறந்த நடனப் பதிவுக்கான கிராமி விருது கிடைத்தது. சம்மர் 2012 மே மாதம் காலமானார்.

அதற்கு அடுத்த ஆண்டு, முகத்தை இயந்திரத் தலைக்கவசத்தால் மறைத்துக்கொண்ட பிரெஞ்சு இருவர் குழுவான டாஃப்ட் பங்க் வெளியிட்ட தொகுப்பில் ‘ஜார்ஜியோ பை மொரோடர்’ என்ற ஒன்பது நிமிடப் பாட்டு இருக்கிறது. அதில் மொரோடர் இசையமைக்கவில்லை, பாடவுமில்லை. தம் வாழ்க்கையைத் தம் குரலில் பேசுகிறார். அவருடைய பேச்சைப் பதிவதற்காக வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த மூன்று ஒலிவாங்கிகளை வைத்திருந்தார்கள். பேசும் காலத்துக்கேற்ப ஒலிவாங்கியும் மாறும். இந்தப் பாட்டிலிருந்து மொரோடரை அறியத் தொடங்குபவர்கள் பலர் உண்டு. ஆயினும் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றே வற்புறுத்துவேன். அவர் க்ளிக் என்ற சொல்லை உச்சரிக்கும் இடத்தில், புதிதாகக் கேட்பவருக்கு அது ஒரு தொழில்நுட்பச் சொல்லாக மட்டுமே படும். இந்த வரிசையில் வந்தவருக்கோ அந்த நிலத்தடிக் கூடம், சுருதி விலகும் மோக், வெடல் பதிந்த துடிப்பு எல்லாம் ஒருங்கே நினைவுக்கு வரும்.

பேச்சு முடிந்தபின் பாட்டு விரிந்துகொண்டே போகும். அங்கே நம் கேள்வியைக் கடைசியாக ஒருமுறை கேளுங்கள். சிந்தசைசர் தன் அச்சில் ஓடிக்கொண்டிருக்க, ஓமர் ஹக்கீம் என்ற டிரம் கலைஞர் முதலில் அதற்கு அடங்கி வாசித்து, பிறகு சிறிது சிறிதாக வரம்பை உடைத்து, இறுதியில் கைகளுக்கு எட்டிய வேகம் முழுவதையும் அவிழ்த்துவிடுகிறார். அவர் ஓய்ந்ததும், தாமதிக்காமல், ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை மறுபடி போட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் நிமிடக்கணக்காக மாறாமல் விழுந்துகொண்டிருக்கும் கீத் ஃபோர்சியின் கால் அடியை மட்டும் கேளுங்கள்.